நம் பெயர்களும் அவற்றின் பொருளும்

ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங் வட்டாரத்திலிருந்து பேசுகிறோம். ஜெலாப்பாங் என்ற மலாய்ச் சொல்லுக்கு நெற்களஞ்சியம் என்று பொருள். ஈப்போ என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் நச்சுப்பாலைப் பழங்குடி மக்கள் ஊதுகுழல் அம்புகளில் தடவி வேட்டையாடினார்கள். நாள்தோறும் பேருந்தில் ஏறி இறங்கும் ஊர்களின் பெயர்களுக்கே இப்படிப் பொருள் இருக்கும்போது, மனிதர்களின் பெயர்களுக்கு இல்லாமற் போகுமா? இன்று நம் பெயர்களைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

இந்த உரைக்குக் காரணமாக இருந்தவள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நாள் காலையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து மாணவர்களின் முழுப் பெயரையும் வாசித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சிறுமியின் பெயர் அழகான, புதுமையான பெயர். அதன் பின்னே தந்தையின் பெயர் வந்தது. தந்தையின் பெயர் பிச்சை. வகுப்பில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவளுடைய பயிற்சிப் புத்தகங்கள் திருத்த வந்தபோது பார்த்தோம். எல்லா அட்டைகளிலும் தந்தையின் பெயர் மையினால் அழுத்தி அழிக்கப்பட்டிருந்தது. ஒரு புத்தகத்தில் தாளே கிழிந்துபோயிருந்தது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாம் எத்தனையோ பாடங்களைப் படித்தோம். ஒரு பிள்ளை தன் அப்பாவின் பெயரை அழித்துவிட்டு வந்தால் என்ன செய்வது என்று எவரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. ஆகவே, மாலையில் அவள் பாட்டியைப் பார்க்கப் போனோம். பாட்டி சொன்னதைப் பிறகு சொல்கிறோம். அதற்குமுன், பெயர் என்பது எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம்.

உலகத்தில் எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும், மனிதர்கள் ஒருவரையொருவர் அடையாளம் காட்ட நான்கு வழிகளையே பெரும்பாலும் கையாண்டிருக்கிறார்கள். இன்னார் மகன் என்பது ஒன்று. இன்ன ஊரான் என்பது இரண்டு. இன்ன தொழில் செய்பவன் என்பது மூன்று. நெட்டையன், குட்டையன், புதிதாக வந்தவன் என்று தோற்றத்தையோ நிலையையோ சுட்டுவது நான்கு.

நமக்கு மிகத் தொலைவிலுள்ள போலந்து நாட்டைப் பாருங்கள். அங்கே மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் நோவாக். ஊருக்குப் புதிதாக வந்தவன் என்பதே அதன் பொருள். எந்தக் காலத்திலோ ஒருவன் புதிதாக ஓர் ஊருக்குக் குடிவந்தான். ஊரார் அவனைப் புதியவன் என்றார்கள். இன்றும் அவனுடைய சந்ததியார் புதியவர்களாகவே இருக்கிறார்கள்! கோவால்ஸ்கி என்பது இன்னொரு பெயர். ‘கோவால்’ என்றால் கொல்லர். ஆதமோவிச் என்றால் ஆதாமின் மகன். நாம் அறிவியல் பாடத்தில் படிக்கும் மேரி கியூரி அம்மையார் 1867-இல் வார்சா நகரில் பிறந்தவர். அவருடைய பிறந்த வீட்டுப் பெயர் ஸ்க்வொதோவ்ஸ்கா. ஸ்க்வொதி என்ற ஊரிலிருந்து வந்த குடும்பம் என்பது அதன் பொருள். ஆணுக்கு ‘ஸ்கி’ என்று முடியும் பெயர் பெண்ணுக்கு ‘ஸ்கா’ என்று முடியும். இன்னும் ஒரு வியப்பு உண்டு. முற்காலத்தில் நோவாக் என்பவரின் மனைவியை நோவாகோவா என்றும், மகளை நோவாகுவ்னா என்றும் அழைத்தார்கள். பெயரைக் கேட்டதுமே இவள் மனைவியா மகளா என்று தெரிந்துவிடும்.

அம்மையார் பிறந்தபோது போலந்து என்ற தனி நாடே வரைபடத்தில் இல்லை. மூன்று பேரரசுகள் அதைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. 1898-இல் தாமும் கணவரும் கண்டுபிடித்த ஒரு தனிமத்துக்கு அவர் பொலோனியம் என்று பெயரிட்டார். நாட்டை இழந்த மக்கள், பெயரையாவது காப்பாற்றிக்கொள்ள நினைத்தார்கள்.

சரி, நமக்குக் குடும்பப் பெயர் உண்டா? வெளிநாட்டுப் படிவங்களை நிரப்பும்போது பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. இல்லை என்று சொல்லித் தலை குனிய வேண்டியதில்லை. நம்மிடம் வேறொரு முறை இருக்கிறது. அது மிகப் பழையது.

சங்கப் புலவர்களின் பெயர்களை எண்ணிப் பாருங்கள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று ஒரு புலவர். ஊர் மதுரை, தந்தை கணக்காயனார், பெயர் நக்கீரனார். நம் அடையாளக் கார்டில் இன்று ‘அனாக் லெலாக்கி’ என்று இருக்கிறதே, அந்த ‘மகன்’ என்ற சொல், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே நம் புலவர் பெயரில் இருந்திருக்கிறது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று மற்றொருவர். அறுவை என்றால் துணி. ஆகவே அவர் மதுரைத் துணி வியாபாரி. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானிய வியாபாரி. தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் தங்க வேலை செய்தவர். ஒக்கூர் மாசாத்தியார் ஒரு பெண்; அவர் பெயரின் முன்னும் ஊர் நிற்கிறது. போலந்து நாட்டுக் கொல்லனும் தங்கால் பொற்கொல்லனும் ஒரே முறையில்தான் பெயர் பெற்றார்கள்.

வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். அவர்களுடைய நாட்டில் அந்த அடைமொழி பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் இறங்கிக் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. நம்மிடம் அது ஒரு தலைமுறையோடு நின்றது. ஆனால் நாம் குடும்பத் தொடர்பை விட்டுவிடவில்லை. பேரன் என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெயரன் என்பதே பேரன் என்றாயிற்று. பெயர்த்தி என்பதே பேர்த்தி. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் பெயர்த்தி. மற்றவர்கள் பெயரைத் தந்தையிடமிருந்து மகனுக்கு நேராக இறக்கினார்கள். நாம் ஒரு படி தாண்டி, தாத்தாவிடமிருந்து பேரனுக்கு இறக்கினோம். முத்துவின் மகன் வேலு. வேலுவின் மகன் மீண்டும் முத்து. மாமனார் பெயர் கொண்ட பிள்ளையைத் திட்டவும் முடியாமல் மருமகள்கள் திண்டாடிய கதை எந்த வீட்டில்தான் இல்லை?

நம்மோடு வாழும் மற்ற மக்களையும் பார்ப்போம். மலாய் அன்பர்கள் ‘பின்’ என்றும் ‘பிந்தி’ என்றும் எழுதுகிறார்கள். அரபு மொழியில் அவற்றுக்கு மகன், மகள் என்று பொருள். அவர்களும் நம்மைப் போலத் தந்தையின் பெயரையே தாங்குகிறார்கள். அது குடும்பப் பெயரன்று. சீனர்கள் குடும்பப் பெயரை முதலில் வைப்பார்கள். தான், சான், சின் என்று மூன்று பெயர்களைக் கேட்கிறோமே, சீன எழுத்தில் அவை ஒன்றே என்று நம்மில் பலருக்குத் தெரியாது. ஹொக்கியன்காரர் தான் என்பதைக் கண்டோனீஸ்காரர் சான் என்பார். ஹக்காகாரர் சின் என்பார். சீக்கியர்கள் 1699-இல் கால்சா அமைக்கப்பட்டது முதல், ஆண்கள் சிங் என்றும் பெண்கள் கவுர் என்றும் பெயருடன் சேர்த்துக்கொண்டார்கள். சாதியைக் காட்டாத பொதுப்பெயர் வேண்டுமென்பதே நோக்கம். நம் தெலுங்கு அன்பர்களுக்கு வீட்டுப் பெயர் உண்டு. அதை அவர்கள் இண்டிப்பேரு என்பார்கள். மலையாளிகளுக்குத் தறவாட்டுப் பெயர் உண்டு.

இனி நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த கதைக்கு வருவோம். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. அதற்குப் பின்னும் கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் திரட்டி வந்தார்கள். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அது நீடித்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்து, பிறகு தோட்டம் தோட்டமாகப் பிரிந்து போனார்கள். வழியெங்கும் அவர்கள் பெயரை யாரோ எழுதினார்கள். எழுதியவருக்குத் தமிழ் தெரியாமலிருக்கலாம். பெயர் சொன்னவருக்கு எழுத்தே தெரியாமலிருந்திருக்கலாம். வாயில் இருந்த பெயர் ஒன்று. தாளில் விழுந்த பெயர் வேறொன்று. சுப்பிரமணியம் மணியம் ஆனார். லட்சுமி லெட்சுமி ஆனாள். நம் மொழியில் ல, ழ, ள என்று மூன்று எழுத்துகள். ரோமன் எழுத்தில் அம்மூன்றுக்கும் ஒன்றே. வள்ளியும் வல்லியும் அங்கே ஒருத்தியே.

தோட்டத்துக்கு வந்தபின் விடியற்காலைப் பெரட்டு. கிராணியார் செக்ரோலைப் பார்த்துப் பெயர் வாசிப்பார். ஒரு தோட்டத்தில் நான்கு முனியாண்டிகள் இருந்தால் என்ன செய்வது? நம் மக்களே வழி கண்டார்கள். மேட்டு லயத்து முனியாண்டி, நெட்டை முனியாண்டி, மாட்டுக்கார முனியாண்டி, சின்னக்கண்ணு மகன் முனியாண்டி. ஊர், தோற்றம், தொழில், தந்தை என்று நாம் முதலில் சொன்ன நான்கு வழிகளும் இந்த நான்கு முனியாண்டிகளிடமும் இருப்பதைக் கவனியுங்கள். இவர்கள் போலந்தில் பிறந்திருந்தால், இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ‘மேட்டுலயத்தான்’ என்பதே குடும்பப் பெயராகியிருக்கும்!

ஆங்கிலேயர் காலத்தில் ‘சன் ஆப்’, ‘டாட்டர் ஆப்’ என்று எழுதினார்கள். 1948-இல், அவசரகாலத்தின்போது, மலாயாவில் அடையாளக் கார்டு வந்தது. அதன்பின் ஒருவரின் பெயர் காகிதத்தில் இருப்பதுதான் என்றாகிவிட்டது. பிற்காலத்தில் மலாய் மொழியில் ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரம்புவான்’ என்று எழுதும் வழக்கம் நிலைத்தது. இதில் நமக்கு ஒரு நன்மையும் உண்டு. திருமணமானாலும் நம் பெண்களின் கார்டில் பெயர் மாறுவதில்லை. கணவன் வீடு போனாலும் அப்பாவின் மகளாகவே இருக்கிறாள். ஆனால் அம்மாவின் பெயர் கார்டில் வருவதில்லை. பிறப்புப் பத்திரத்தோடு அது நின்றுவிடுகிறது.

நம்மைப் போலவே கடல் கடந்தவர்கள் வேறு நாடுகளில் என்ன ஆனார்கள்? 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலும் பின்வந்த கப்பல்களிலும் சென்றவர்களின் சந்ததியார் இன்று பிள்ளே, மூட்லி, படையாச்சி என்று குடும்பப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளை, முதலியார், படையாட்சி என்பவையே அவை. தமிழ் பேச மறந்த வீடுகளிலும் அந்தப் பெயர் மறக்கவில்லை. புதுச்சேரியில் 1881-ஆம் ஆண்டுப் பிரெஞ்சு ஆணையின்படி, மரபு வழக்கங்களைக் கைவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட தமிழர்கள், ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. 1787-இல் ஆஸ்திரியப் பேரரசும் இதுபோல, தன் ஆட்சியிலிருந்த யூதர்கள் அனைவரும் ஜெர்மானியக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டுமென்று ஆணையிட்டது. போலந்திலிருந்து பறித்த கலீசியா மாநிலத்து யூதர்களும் அதில் அடங்குவர். எளிய மக்களின் பெயரில் அரசாங்கத்தின் பேனா விழுந்தது நம் கதை மட்டுமன்று.

இனித் தோட்டத்துப் பெயர்களின் பொருளைச் சற்று அவிழ்த்துப் பார்ப்போம். மாரி என்றால் மழை. மாரியம்மா என்று அழைக்கும்போது மழைத் தெய்வத்தை அழைக்கிறோம். முனியாண்டி, கறுப்பையா, வீராயி, காத்தான், அங்கம்மா ஆகியவை நம் முன்னோர் விட்டுவந்த கிராமத்துக் காவல் தெய்வங்களின் பெயர்கள். பழனி, சிதம்பரம், அண்ணாமலை, காசி ஆகியவை ஊர்கள். அங்கே போக வசதியில்லாதவர்கள் அந்த ஊரைப் பிள்ளைக்குப் பெயராக வைத்து, நாளுக்கு நூறுமுறை வாயால் யாத்திரை செய்தார்கள். முஸ்லிம் அன்பர்களிடையே நாகூர் மீரான் போன்ற பெயர்களில் நாகூர் தர்கா இருக்கிறது.

கிறிஸ்தவ அன்பர்களின் பழைய பெயர்கள் மிக இனியவை. சூசை என்றால் யோசேப்பு. சவரிமுத்து என்பதில் இருப்பவர் புனித சவேரியார். பவுல் என்ற பெயருக்கு இலத்தீனில் சிறியவர் என்று பொருள். ஆகவே தமிழில் சின்னப்பர் ஆனார். யோவான் என்பதற்கு இறைவனின் அருள் என்று பொருள். அவர் அருளப்பர் ஆனார். வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவை எண்ணி ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி என்று வைத்தார்கள். வெளியிலிருந்து வந்த பெயரையும் பொருள் உணர்ந்து தமிழாக்கிய திறமையை இங்கே காண்கிறோம்.

பெயரை மாற்றியவர்களும் உண்டு. சுவாமி வேதாசலம் என்பவர், வேதம் என்பதை மறை என்றும் அசலம் என்பதை மலை என்றும் மாற்றி மறைமலை அடிகள் ஆனார். அவர் தனித்தமிழ் இயக்கம் கண்டது 1916-இல். இந்நாட்டில் பிறந்த எத்தனையோ அன்பரசர்களும் தமிழ்ச்செல்விகளும் அந்த இயக்கத்தின் பேரப்பிள்ளைகளே. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதில்லை என்று தீர்மானித்தார்கள். பெரியார் ஈ.வெ.ரா. தம் பெயரிலிருந்த நாயக்கர் என்ற பட்டத்தை விட்டார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் மலாயாவுக்கும் வந்தார். இன்று நம் பள்ளிப் பதிவேட்டில் சாதிப் பட்டங்கள் அரிதாகவே தென்படுகின்றன. குடும்பப் பெயர் இல்லாத நம் முறையில் இது ஒரு பெரும் நன்மை. பெயரைக் கேட்டு எவரும் நம்மை மேலே கீழே என்று நிறுத்த முடியாது.

இப்போது பாட்டி சொன்ன கதைக்கு வருவோம்.

அந்தப் பாட்டி தன் இளமையில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். முதல் பிள்ளை பிறந்து பதினெட்டாம் நாள் காய்ச்சலில் போய்விட்டது. இரண்டாவது பிள்ளை தவழும் பருவத்தில் போய்விட்டது. மூன்றாவது பிறந்தபோது அவருடைய மாமியார் குழந்தையைப் பழந்துணியில் சுற்றித் தோட்டத்து மாரியம்மன் கோயில் படியில் வைத்துவிட்டார். “இது எங்க புள்ள இல்ல தாயே, உன் புள்ள” என்று சொல்லிவிட்டு, முந்தானையை விரித்து, அம்மனிடம் அந்தக் குழந்தையைப் பிச்சையாகக் கேட்டு வாங்கினார். அதனால் பிச்சை என்று பெயர். “பொழச்சுக்கிட்டான் வாத்தியாரய்யா. அந்தப் பேருதான் அவன் உசுர புடிச்சு வச்சுது,” என்றார் பாட்டி. பேத்தியின் புத்தகத்தைப் பற்றி நாம் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பெயரா அந்த உயிரைக் காத்தது என்று கேட்டால், ஆசிரியர்கள் என்ற முறையில் நாம் வேறு விதமாகத்தான் சொல்ல வேண்டும். கொசு ஒழிப்பு, நல்ல தண்ணீர், தடுப்பூசி, மருத்துவச்சி ஆகியவையே பிள்ளைகளைக் காக்கும். மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் அக்காலத் தோட்டங்களில் மடிந்த குழந்தைகள் மிகப் பலர். ஆனால் அந்தத் தாய்க்கு அன்று கையில் இருந்த மருந்து ஒரு பெயர் மட்டுமே. குப்பையில் கிடத்தி எடுத்த பிள்ளை குப்பன், குப்பம்மா. ஒரு பிடி தவிட்டுக்கு விற்று வாங்குவதாகப் பாவனை செய்த பிள்ளை தவிடன். முன்பிறந்தவை இறந்தபின் மூக்குக் குத்திவிட்ட பிள்ளை மூக்கன், மூக்கம்மா. எமனே, இது உனக்கு வேண்டாத குப்பை, இதை விட்டுப்போ என்பதே இந்தப் பெயர்கள் எல்லாவற்றின் பொருளும். சீன நாட்டிலும் கிராமத்துத் தாய்மார்கள் பிள்ளைக்கு நாய் என்று செல்லப்பெயர் வைத்து எமனை ஏமாற்றப் பார்த்தார்கள். கேலி செய்வதற்கு இவற்றில் என்ன இருக்கிறது?

எனினும் பழைய பெயர்கள் எல்லாமே போற்றத் தக்கவை என்று நாம் சொல்லமாட்டோம். வரிசையாகப் பெண் பிறந்த வீடுகளில் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் பெயர் வைத்தார்கள். பிச்சை என்ற பெயரில் ஒரு தாயின் ஆசை இருக்கிறது. வேண்டாம் என்ற பெயரில் அந்த ஆசை இல்லை. வாழ்நாள் முழுவதும் ஒரு பெண்ணைப் பார்த்து நீ வேண்டாம் என்று கூப்பிடுவது கொடுமை. அத்தகைய பெயர்கள் மறைந்துவருவது நல்லதே.

இன்றைய பெற்றோருக்கும் சில வார்த்தைகள். எண் சோதிடம் பார்த்து எழுத்தைக் கூட்டுகிறோம், குறைக்கிறோம். அதில் வருகிற பெயரைப் பாட்டியால் உச்சரிக்க முடிவதில்லை. ஆசிரியரால் எழுத முடிவதில்லை. பொருளைக் கேட்டால் பெற்றோராலும் சொல்ல முடிவதில்லை. பெயருக்குப் பொருள் இருக்கட்டும். கூப்பிட எளிதாக இருக்கட்டும். தாத்தா பெயரை அப்படியே வைக்க மனமில்லையென்றால், அதன் பொருளையாவது புதிய சொல்லில் வையுங்கள். மாரியம்மாவின் பேத்தி முகில் ஆகலாம். பழனியின் பேரன் குமரன் ஆகலாம். சங்கிலி அறுந்துபோகாது.

அடுத்தது, எழுத்து. நமக்குத் தெரிந்த ஒரு தாயார், தம் தந்தை இறந்தபின் அவருடைய சேமிப்புப் பணத்தைப் பெற ஓர் அலுவலகத்துக்குப் போனார். தந்தையின் கார்டில் பெயர் ஒரு விதமாகவும், இவருடைய பிறப்புப் பத்திரத்தில் அதே பெயர் ஓர் எழுத்துக் கூடுதலாகவும் இருந்தது. நீர் அவர் மகள்தானா என்று கேட்டார்கள். ஐம்பது ஆண்டு அப்பா என்று அழைத்தவர், அவர்தான் அப்பா என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கையொப்பமிட வேண்டியதாயிற்று. மூன்று மாதம் அலைந்தார். ஆகவே, குழந்தை பிறந்ததும் பதிவு செய்யப் போகும்போது, தாய் தந்தையின் அடையாளக் கார்டுகளைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து அதேபோல எழுதுங்கள். பத்திரம் கைக்கு வந்ததும் முகப்பிலேயே நின்று வாசித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரை அழைத்துச் செல்லுங்கள். தவறு இருந்தால் உடனே சொல்லுங்கள். பழைய பத்திரத்தில் எழுத்துப்பிழை இருந்தால், தேசியப் பதிவு இலாகாவில் உரிய சான்றுகளுடன் திருத்தத்துக்கு மனுச் செய்ய வழியுண்டு. பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நலம்.

வெளிநாடு போகும் பிள்ளைகளும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தந்தையின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதினால், அங்கே உங்களை அப்பா பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். சிரிக்காதீர்கள், தவறாகவும் எண்ணாதீர்கள். ஆனால் எல்லாப் பத்திரங்களிலும் ஒரே விதமாக எழுதுங்கள்.

அந்தச் சிறுமிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாம் அவளைக் கண்டிக்கவில்லை. வகுப்பு முழுவதற்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தோம். அப்பா, தாத்தா, பாட்டி, முடிந்தால் பூட்டன் பூட்டி ஆகியோரின் பெயர்களை எழுதி, அந்தப் பெயர் ஏன் வந்தது என்று வீட்டில் கேட்டு வரவேண்டும். மறுவாரம் பிள்ளைகள் எழுதிவந்தார்கள். முதலில் சிரித்த இரண்டு பையன்களில் ஒருவனுடைய தாத்தா குப்பன். மற்றவனுடைய பூட்டி மூக்கம்மா. அவன் அதை வாசிக்கும்போது எவரும் சிரிக்கவில்லை. கடைசியாக அவள் எழுந்தாள். பாட்டி சொன்னதை, முந்தானை விரித்ததுவரை, ஒரு சொல் விடாமல் சொன்னாள். வகுப்பு அமைதியாக இருந்தது.

அன்று மாலை அவளுடைய தந்தை மோட்டார் சைக்கிளில் மகளை அழைத்துப்போக வந்தார். “சார், வேலை செய்யற எடத்துல எல்லாரும் என்னை ராஜான்னுதான் கூப்புடுவாங்க. நான்தான் அப்படிச் சொல்லி வச்சேன். இந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு அம்மா எங்கிட்ட சொன்னதே இல்ல. எம்பொண்ணு சொல்லித்தான் தெரியும்,” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவளுடைய புத்தகங்களுக்குப் புதிய அட்டை போடப்பட்டிருந்தது. முழுப் பெயரும் இருந்தது. எழுத்து அவளுடையதன்று, பெரியவர் ஒருவரின் கையெழுத்து.

நேயர்களே, தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. அதுவும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. லயங்கள் இல்லை, பெரட்டுக் களம் இல்லை, செக்ரோலும் எங்கே போயிற்றோ தெரியாது. முன்னோர் நமக்கு நிலம் எழுதிவைக்கவில்லை. பெயரை மட்டுமே விட்டுச் சென்றார்கள். அதன் பொருளை அறிந்த பாட்டிகளும் ஒவ்வொருவராகக் குறைந்துவருகிறார்கள்.

ஆகவே இன்றிரவு சாப்பாடு முடிந்ததும், பிள்ளைகள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வீட்டிலுள்ள பெரியவரிடம் போங்கள். உங்கள் பெயர் ஏன் இப்படி வந்தது என்று கேளுங்கள். சொல்வதைத் தமிழிலேயே எழுதி வையுங்கள். நாளை உங்களுக்கு ஒரு பிள்ளை பிறக்கும்போது அந்தத் தாள் பயன்படும்.